எண்ணிக்கை சரி, உள்ளே உடைசல்

மூன்றாவது கர்ப்பத்துக்கும் அதே ஸ்கேன் அறை. டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "துடிப்பு இல்லம்மா" என்றார். என் மனைவி சாந்தி கூரையையே பார்த்தபடி படுத்திருந்தாள்.

நான் காரைக்குடி–மதுரை தடத்தில் பஸ் ஓட்டுகிறேன். முதல் கரு கலைந்தபோதே என் விந்தணுக்களைச் சோதித்திருந்தார்கள். எண்ணிக்கை, ஓட்டம் எல்லாம் சரி. குறை சாந்தியிடம்தான் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகிவிட்டது. அம்மா சொன்னதற்காக அவள் டீச்சர் வேலையை விட்டாள். குன்றக்குடி மலைக்கோயிலுக்கு ஏறுவதையும் நிறுத்தினாள்.

இந்த முறை டாக்டர் எனக்கு இன்னொரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மதுரையிலிருந்து முடிவு வந்தது: டி.என்.ஏ. உடைவு (விந்தணுவுக்குள் இருக்கும் மரபுச் சரம் துண்டுபடுதல்) மிக அதிகம்.

"எண்ணிக்கை நல்லாருக்குன்னு சொன்னீகளே டாக்டர்?" என்று கேட்டேன்.

"எண்ணித்தான் பாத்தோம். உள்ள என்ன இருக்குன்னு பாக்கல."

விந்தணு உருவாகும்போது, நீண்ட மரபுச் சரத்தைச் சின்னஞ்சிறு தலைக்குள் இறுக்கி அடைப்பதற்காக உடலே அதை ஆங்காங்கே வெட்டி, மறுபடி ஒட்டுகிறதாம். அந்த வேலை பிசகினால் விந்தணு உடைசலோடே வெளியேறும். முதிர்ந்தபின் அதனால் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது. எனக்கு வேரிகோசில் (விதைப்பையின் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சூடு கூடுதல்) இருந்தது. அது காரணமாக இருக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் சாந்தி நின்றுவிட்டாள்.

"அப்ப, நான் மலை ஏறுனதால இல்லையா?"

"இல்ல."

"வேலைக்குப் போனதாலயும் இல்ல?"

"அதாலயும் இல்ல" என்றேன். அவள் அழவில்லை, சிரித்தாள்.

சாந்தியை வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். "ஆம்பளைக்கு எப்படிடா..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். பிறகு அவளைப் பார்த்து, "நீ வேலைக்குப் போகணும்னா போ ஆத்தா" என்றார்.

"நீங்க சொன்னதால வேலைய விட்டேன் அத்தை. இப்ப நானாத்தான் போறேன்."

சிறிய அறுவை சிகிச்சை நடந்தது. சிகரெட்டை விட்டேன். புது விந்தணு தயாராக ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும், பொறுங்கள் என்றார் டாக்டர். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதும், எனக்குத் தெரியாமல் உள்ளே ஏதோ வெட்டுப்படுகிறது, ஒட்டுகிறது என்ற நினைப்பு. இத்தனை வருடம் இந்த உடம்பில் நான்தான் இருந்தேனா?

கரு தொடர்ந்து கலைகிறதென்றால் இருவருமே சோதித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள்.

எங்கள் மகள் இப்போது தவழ்கிறாள். இவள் கருவாவதற்கு முன் செய்த கடைசிப் பரிசோதனையில் எனக்கு உடைசல் குறைந்திருந்தது, முழுதும் போகவில்லை. பிறகு இவள் எப்படி என்று டாக்டரைக் கேட்டேன். "சின்னச் சின்ன உடைசலப் பொண்ணோட கருமுட்டையே ஒட்டிச் சரிபண்ணிடும்" என்றார்.

மகளைத் தூக்கும்போது மகிழ்ச்சிக்கு முன்னால் அதிர்ச்சிதான் வருகிறது. என்னிடமிருந்து விந்தணு முழுசாகத்தான் போனதா, உடைந்து போனதைச் சாந்தியின் உடம்பு வாங்கி ஒட்டியதா? அதை யாராலும் சொல்ல முடியாது.