ஒரு சாண் மிஞ்சிய அம்பு

காந்தம் அண்ணனுக்கு அம்பு எய்ய வராது. இது எனக்கும் தச்சருக்கும் பதினோரு வருடங்களாகத் தெரியும். அண்ணிக்கு மட்டும் தெரியாது. அண்ணியின் கணக்கில், நாங்கள் மூவரும் ஞாயிறுதோறும் வில்லோடு போகும் காட்டில் காந்தத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

காந்தம் நாங்கள் வைத்த பட்டப்பெயர். இரும்புக் கடைக் கிடங்கில் அவருக்கு வேலை. முக்கால் அங்குலத் திருகாணி வேண்டுமென்று முன்கடையிலிருந்து குரல் வந்தால், பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்தாமலேயே பின்பக்கம் கையை நீட்டிச் சரியான பெட்டியைத் திறப்பார். குள்ளமான ஆள். கை அதைவிடக் குட்டை. முன்னால் ஒரு தொப்பை. வில்லை இழுத்தால் நாண் போய்ச் சட்டைப் பொத்தானில் மாட்டும்.

எங்கள் வில்லில் குறி பார்க்கும் கருவி, சக்கரம் ஒன்றும் கிடையாது. மரத்தை இழைத்து நாண் கட்டிய சாதா வில். பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் காடு. வட்டம் போட்ட அட்டையெல்லாம் எங்களுக்கு இல்லை. உளுத்துப்போன மரக்கட்டை, அதில் முளைத்த காளான், கிளையில் தொங்கும் காய்ந்த இலை, இவைதான் குறி. உயிருள்ள மரத்தைத் தொடக் கூடாது. யாருடைய அம்பு குறிக்கு மிக அருகில் விழுகிறதோ அவர்தான் அடுத்த குறியைச் சொல்வார். பதினோரு வருடத்தில் காந்தம் குறி சொன்னது இரண்டு முறை. அதில் ஒன்று, அம்பு பாறையில் பட்டுத் திரும்பி வந்ததால்.

முதல் ஞாயிறே அவர் ஆறு அம்பையும் தவறவிட்டார். தச்சருடைய அம்பு ஒன்று சருகுக்கு அடியில் நுழைந்து மறைந்தது. ஓர் அம்பைச் செதுக்கி, இறகு ஒட்டி முடிக்க இரண்டு சாயங்காலம் பிடிக்கும். தச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். காந்தம் எழுந்து, நேராகப் பதினாறு அடி நடந்து, செருப்புக் காலால் சருகை ஒருமுறை தடவி, குனிந்து அம்பை எடுத்தார்.

"எப்படிய்யா?"

"நீங்கல்லாம் குறியப் பாக்குறீங்க. நான் அம்பப் பாக்குறேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் அண்ணி, வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டே, "எப்படிப் போச்சு?" என்று கேட்டிருக்கிறார். "பரவாயில்ல" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அண்ணன், "நான்தான் முதல்" என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. அடுத்த வாரம் அண்ணி, மிஞ்சிய திரைச்சீலைத் துணியில் வில் படம் பின்னி ஓர் அம்புப் பை தைத்துக் கொடுத்தார். அதற்கு மேல் எப்படி உண்மையைச் சொல்வது?

அவர்கள் வீட்டின் முன்னறைதான் அண்ணியின் தையல் கடை. ஞாயிற்றுக்கிழமை அங்கே இஸ்திரி நாள். அப்பேர்ப்பட்ட வில்லாளியை இஸ்திரிப் பெட்டி பிடிக்கவைக்க மனம் வராமல், பதினோரு வருடமாக அண்ணி தனியாகவே அதைச் செய்துவந்தார். இந்த வருடம் இரண்டு பள்ளிக்கூடத்துச் சீருடை சேர்ந்து வந்தது. முன்னூறு பாவாடை.

"வருஷக்கணக்கா நீங்கதான் முதல். இன்னும் என்னத்தப் பழகுறீங்க?" என்று கேட்ட அண்ணி, தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "இந்த வாரம் நானும் வரேன். நெசமாவே அவ்வளவு பெரிய ஆளுன்னா ஞாயிறு உங்களோடது. இல்லன்னா அடுத்த வாரத்துலேருந்து இஸ்திரி மேசைதான்."

காந்தம் தச்சருடைய பட்டறைக்கு ஓடிவந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடவா?"

"ஒரு வாரம் சொல்லலாம். அப்புறம்?" என்ற தச்சர், இழைப்புளியைக் கீழே வைத்தார். தச்சர் ஆறடிக்கும் மேல். நின்றால் பட்டறை விளக்கு நெற்றியில் இடிக்கும். எங்களில் சரியாக எய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "மச்சான், நம்ம எல்லார் அம்புலயும் மஞ்ச இறகுதானே? வாலுகிட்ட இருக்கிற வளையத்த வச்சுத்தானே யாரோடதுன்னு பாக்குறோம்? என் அம்புல உன் செவப்பு வளையத்தப் போட்டுடுவோம். உன்னோடதுல என் நீலம். மூணு பேரும் ஒண்ணா விடுவோம். கிட்டத்துல விழுறதெல்லாம் செவப்பா இருக்கும்."

"அப்ப கண்டமேனிக்குப் போறதெல்லாம்?"

"நீலம். என் மானம்தானே போகுது, போகட்டும்."

வளையம் தீட்டும் வேலை என் தலையில் விழுந்தது. கோடு பிசகாமல் தீட்டினேன்.

ஞாயிறு காலை அண்ணி பேருந்தில் ஏறியபோது கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து அப்படியே வந்துவிட்டார். அதைப் பார்த்தவுடனேயே நான் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

முதல் குறி, பாசி பிடித்த கட்டையில் ஒரு வெள்ளைக் காளான். தச்சர் மூன்று எண்ணினார், மூன்று அம்பும் ஒன்றாகப் பறந்தன. போய்ப் பார்த்தால் காளான் இரண்டாகப் பிளந்திருந்தது; கட்டையில் செருகி நின்ற அம்பில் சிவப்பு வளையம்.

"அட!" என்றார் அண்ணி. காந்தம் அடக்கமாகத் தரையைப் பார்த்தார். தச்சர், "மச்சான் கைய வச்சா சும்மாவா!" என்று தன் அம்பையே பிடுங்கி அண்ணனின் பையில் போட்டார்; எங்கோ கிடந்த நீல வளைய அம்பைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது குறி, காய்ந்த இலை. அதுவும் சிவப்பு. அண்ணி தச்சரைப் பரிதாபமாகப் பார்த்து, "உங்களுக்கு என்னண்ணே, கண்ணு கிண்ணு சரியில்லையா?" என்று கேட்டார். தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா தங்கச்சி, வயசாகுதில்ல" என்றார். காந்தத்துக்குத் தலை கனத்துவிட்டது. "முழங்கைய இன்னும் கொஞ்சம் ஒசத்தணும், தச்சரே," என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

மூன்றாவது குறிக்கு அந்த மிதப்பிலேயே பைக்குள் கையைவிட்டு, கையில் வந்ததை எடுத்துத் தொடுத்தார். நாணை இழுத்தார். குட்டைக் கை எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இழுத்தார். அம்பு வில்லைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, தம்பி அண்ணன் சட்டையைப் போட்ட மாதிரி.

"நிறுத்துங்க," என்றார் அண்ணி.

அம்பை அவரவர் கை நீளத்துக்குத்தான் வெட்டுவோம். சாயத்தை மாற்றியவர்களுக்கு நீளம் நினைவுக்கு வரவில்லை. மூவரில் ஒருவர் நாள் முழுக்க கையில் அளவுகோலோடு திரியும் தச்சர் என்பதுதான் வெட்கக்கேடு. அண்ணி கழுத்திலிருந்து நாடாவை உருவினார். அண்ணனின் கையை நீட்டச் சொல்லி அளந்தார். அம்பை அளந்தார். பிறகு தச்சரிடம் போய், "கைய நீட்டுங்கண்ணே" என்றார்.

தச்சர் பிடிபட்ட திருடனைப் போல் நீட்டினார்.

"உங்களுக்குத் தச்சது இவருக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்ட அண்ணி, தச்சரின் பையிலிருந்து நீல வளையம் போட்ட அம்பு ஒன்றை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். "இதுதான் உங்க அளவு. அதோ அந்தக் கட்டை. நீங்க மட்டும் விடுங்க."

மாடு மாதிரிப் பெரிய கட்டை. காந்தம் எய்தார். அம்பு கட்டைக்கு மேலே, சாவகாசமாக, சரிவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தானும் தவறவிட்டு மச்சானைக் காப்பாற்றுகிறேன் என்று தச்சரும் அவசரத்தில் ஒன்றை விட்டார். அதுவும் பின்னாலேயே போனது.

அண்ணி இடுப்பில் கை வைத்தார். "அப்ப இஸ்திரி மேசைதான்."

"சரி," என்றார் காந்தம். வில்லைக் கீழே வைத்தார். "அம்ப மட்டும் எடுத்துக் குடுத்துட்டு வரேன்."

அவர் சரிவில் இறங்குவதை அண்ணி மேலிருந்து பார்த்தார். காந்தம் எங்கும் நின்று யோசிக்கவில்லை. ஒரு புதரைச் சுற்றினார், காலால் தடவினார், ஓர் அம்பு. இடப்பக்கம் நாலு எட்டு, குனிந்தார், இன்னொன்று. திரும்பும் வழியில் சருகுக்குள் கையை விட்டு, சேறு படிந்த மூன்றாவது அம்பையும் இழுத்தார். அது என்னுடையது, போன மழைக்கு முன்னால் தொலைத்தது.

"எத்தன நிமிஷம் ஆச்சு?" அண்ணி மெல்லக் கேட்டார்.

"ரெண்டுகூட இருக்காது," என்றேன்.

"இவன் வரலைன்னா, தங்கச்சி, ரெண்டே வாரத்துல எங்க பை காலி," என்றார் தச்சர். "இவனாலதான் நாங்க வில்லாளி."

காந்தம் மூச்சு வாங்க மேலே வந்தார். அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"பொறுக்குறதெல்லாம் ஒரு பெருமையா? வீட்ல வந்து சொல்ல?"

"பதினோரு வருஷமா கீழ விழுந்த ஊசிய முட்டி தேயத் தேடிக்கிட்டிருக்கேன்! வீட்டுக்குள்ள இப்படி ஒரு ஆள வச்சுக்கிட்டு!" அண்ணியின் குரல் கேட்டு ஒரு மரங்கொத்தி பறந்தோடியது. "ஞாயிறு உங்களுக்குத்தான். ஆனா தெனம் சாயங்காலம் கட அடைக்கிறதுக்குள்ள என் ஊசி எல்லாம் டப்பாவுல இருக்கணும். சனிக்கெழம நூறு பாவாட உங்களுக்கு." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "வளையத்த யாரு தீட்டுனது?"

தச்சர் என்னைக் காட்டினார். திட்டம் யாருடையது என்று நான் தச்சரைக் காட்டினேன். ஆளுக்கு ஐம்பது பாவாடை என்று முடிவானது.

திரும்பும் பேருந்தில் அண்ணிக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. பதினோரு வருடமாக அக்கா வீட்டுக்காரர் புகழைக் கேட்டுச் சலித்த தங்கை. இன்று நேரில் போய்ப் பார்க்கும் விஷயமும் அவளுக்குத் தெரியும். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். காந்தம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆமாடி, என் ரெண்டு கண்ணால பாத்தேன்," என்றார் அண்ணி, சற்றும் கண் இமைக்காமல். "காளான ரெண்டாப் பொளந்தாரு. கூட வந்த நெட்டையருக்குத்தான் பாவம், ஒண்ணும் வரல."

தச்சர் வாயைத் திறந்தார். அண்ணி போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"யாராவது சிரிச்சா, இன்னும் இருபத்தஞ்சு பாவாட."