சாப்பிடலேன்னா என்ன அர்த்தம்?

மலேசியாவின் கிள்ளானில் நான் வேலை செய்யும் கால்நடை மருத்துவமனையின் வரவேற்பறையில் நின்று "பாஸ்!" என்று கூப்பிட்டால் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். காரின் பின்சீட்டில் ஆட்டை உட்கார வைத்து ஓட்டி வந்த மலாய்க்காரர் எழுவார். பூனைக்கூடையை மடியில் வைத்திருக்கும் சீனப் பெரியவர் எழுவார். தண்ணீர்க் கேன் மாற்ற வந்தவர்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். இந்த ஊரில் பெயர் தெரியாத ஆண்கள் எல்லோரும் பாஸ்தான். அன்று நான் கூப்பிட்டதோ பெஞ்சுக்கு அடியில் கால் நீட்டிப் படுத்திருந்த பழுப்புநிற நாட்டு நாயை. அதன் பெயரே பாஸ். எழுந்தவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். நாயின் சொந்தக்காரரான சரோஜா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இவந்தான்மா உண்மையான பாஸ். வீட்லே நான் இவன் சொல்றதைத்தானே கேக்குறேன்" என்றார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நான் நாமக்கல்காரி. அங்கே ஒரு கால்நடை ஆய்வகத்தில் எட்டு வருடம் இரத்தமும் சாணமும் பரிசோதித்தவள். வேலை விசாவில் இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. கோழித்தீவன வியாபாரம் பார்க்கும் கணவர் ஊரிலேயே இருக்கிறார். இங்கே இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, அறுவைக்கு முன் மிருகத்தைத் தயார் செய்வது எல்லாம் என் பொறுப்பு. நாய், பூனை, முயல் தினமும் வரும். வாரம் ஒரு நாள் டாக்டர் லிம்முடன் பந்திங் பக்கம் போய் மாடு, ஆடு பார்த்து வருவோம். நாமக்கல்லில் மாட்டைக் கொண்டுவருபவரிடம் "தீனி எடுக்குதா, அசை போடுதா?" என்று கேட்டால் போதும், பாதி நோய் தெரிந்துவிடும். இங்கே வந்த முதல் வாரம், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பொமரேனியன் குட்டியோடு வந்த ஓர் அம்மாவிடம் பழக்கதோஷத்தில் "தீனி வெச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "இது என் பிள்ளைமா. கோழியா, தீனி வைக்க?" என்று ஒரு பிடி பிடித்தார். அதோடு அந்தச் சொல்லை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எல்லா மிருகத்துக்கும் மரியாதையாக "சாப்பிட்டுச்சுங்களா?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

பாஸுக்குச் சிறுநீரில் இரத்தம் போனது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், படிகங்கள் சர்க்கரை கொட்டியதுபோலக் கிடந்தன. எக்ஸ்ரேயில் மூத்திரப்பையில் சின்ன நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கல். அடைப்பு ஏற்படும் முன் எடுத்துவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்தார். சரோஜா அக்கா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுபவர். மகன் கல்யாணமாகி செமினியில் இருக்கிறான். ஏழு வருடத்துக்கு முன் பஸ் நிறுத்தத்திலிருந்து பின்னாலேயே வந்து வீட்டுக்குள் நுழைந்தவன்தான் பாஸ். "அவன் இருக்கான்னுதான்மா நான் ஷிஃப்ட் முடிஞ்சதும் வீட்டுக்கு ஓடறேன். இல்லேன்னா அந்த வீட்டுக்குப் போறதுக்கு எனக்கு என்னா இருக்கு?" என்றார்.

மயக்க மருந்து கொடுக்குமுன் வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இதை விளக்க எங்களிடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த தாள் உண்டு. மலாய்க்காரர் வந்தால் என் அரைகுறை மலாயை நம்பாமல் ஒரு கிண்ணம் வரைந்து அதன்மேல் பெருக்கல் குறி போட்டுக் காட்டுவேன். சீனப் பெரியவர்களிடம் கடிகாரத்தைக் காட்டி, வயிற்றைத் தொட்டு, கையை ஆட்டி ஒரு நாடகமே நடத்துவேன். தமிழர் வந்தால் மட்டும் அந்தத் தாளை எடுக்கவே மாட்டேன். நம்ம மொழி, நம்ம ஆள், எதற்கு இதெல்லாம் என்ற தெனாவட்டு. சரோஜா அக்காவிடம் "ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பாடு போடாதீங்கக்கா" என்று வாயால் சொன்னேன். அவரும் "சரிமா, போடலே" என்றார்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பாஸோடு வந்தார்.

"சாப்பிட்டுச்சுங்களாக்கா?"

"இன்னும் சாப்பிடலேமா."

அறுவைக்கு முந்தைய சரிபார்ப்புத் தாளில் சரி போட்டேன். பாஸ் என் கையை நக்கிவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே வந்தான். டாக்டர் மயக்க ஊசி போட்டதும் தலை சாய்ந்தது. மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்காக நான் வாயைத் திறந்து பிடித்த அந்த நொடியில் வயிறு குலுங்கி, பாலும் ரொட்டியுமாகக் குபுக்கென்று வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் லிம்தான் மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, உறிஞ்சுகுழாய் போட்டு, டியூபை இறக்கி, ஆக்ஸிஜனைத் திறந்தார். அறுவையை நிறுத்திவிட்டார். உள்ளே கொஞ்சம் இறங்கியிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது நுரையீரலில் சலசலப்பு கேட்டது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே போனேன். "ஏங்க்கா, இப்படிப் பண்ணிட்டீங்களே! சாப்பிடலைன்னு சொன்னீங்களே, வயித்துல ரொட்டி எங்கிருந்துங்க வந்துச்சு?"

சரோஜா அக்கா எழுந்து நின்றார். "சாப்பிடலேதானேமா? சாப்பாடு மத்தியானம்தானே. காலையிலே பசியாற ரெண்டு ரொட்டி, பாலுலே நனைச்சுக் குடுத்தேன். பசியாறாம அவன் படி இறங்க மாட்டான். ஏன், என்னாச்சு? என் பிள்ளைக்கு என்னாச்சு?"

என் கோபம் அப்படியே என்மேல் திரும்பியது. இரண்டு வருடமாக அந்தச் சொல் என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்பார்கள். எவ்வளவு அழகான தமிழ் என்று ரசித்து, "ஆச்சுங்க" என்று தலையாட்டுவேன். நமக்கு இட்லியும் சாப்பாடுதான், கஞ்சியும் சாப்பாடுதான். இவர்களுக்குச் சாப்பாடு என்றால் சோறு. காலையில் உண்பது பசியாறல், அதன் கணக்கே வேறு. அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறார். கேள்வியைத்தான் நான் நாமக்கல்லில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறேன். "தப்பு என்னுதுங்கக்கா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, "நானே என் கையாலே குடுத்தேனே" என்று அழுதார். அந்த ஒரு வாக்கியம் என்னைக் கொன்றுவிட்டது.

டாக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. என்னையும் கதவுக்கு வெளியே நின்ற அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சேம் லாங்குவேஜ் லா. ஹவ் கேன்?" என்றார். ஒரே மொழிதானே, எப்படி இப்படி ஆகும் என்று கேட்கிறார். மறுநாள் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் வெள்ளையாக மேகம் படர்ந்திருந்தது. நிமோனியா. கல் அங்கேயே இருக்கட்டும், முதலில் மூச்சைக் காப்பாற்றுவோம் என்று டாக்டர் ஆன்டிபயாட்டிக் தொடங்கினார். மணிக்கொரு தரம் மூச்சை எண்ணினேன். நீராவி பிடித்துவிட்டு, நெஞ்சுச் சளி இளக விலாவைக் குவித்த கையால் தட்டினேன். பாஸ் எதையும் வாயில் வாங்கவில்லை. டின் உணவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தின்னாம மூணு நாளைக்கு மேல தாங்குமா?" என்று என் கணவர் போனில் கேட்டார். பத்தாயிரம் கோழிக்குத் தீவனம் போடுகிற மனிதர், பார்த்தேயிராத ஒரு நாய்க்காக ராத்திரியும் காலையும் அழைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

சரோஜா அக்கா தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் வந்து கூண்டருகே தரையில் உட்காருவார். அவர் என்னைத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். இரண்டாம் நாள் நானாகவே எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன்: எங்கள் ஊரில் எது சாப்பாடு, அவர் எதைச் சாப்பாடு என்கிறார், நான் எதைக் கேட்காமல் விட்டேன் என்று. அவர், "அப்போ நான் தப்பு பண்ணலேயா?" என்று கேட்டார். "இல்லைங்கக்கா, சத்தியமா இல்லை" என்றேன். "நீயும் வேணும்னு பண்ணலே. விடுமா. அவனைக் காப்பாத்திக் குடு, அது போதும்" என்றார். கூண்டில் தொங்கும் ஆங்கிலத் தாளை அவரால் படிக்க முடியவில்லை என்று அன்றுதான் கவனித்தேன். பக்கத்திலேயே தமிழில் ஒரு தாள் மாட்டினேன். மணி, மூச்சு, மருந்து, உணவு என்று எல்லாவற்றையும் அதில் எழுத ஆரம்பித்தேன். வந்ததும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிப்பார்.

நான்காம் நாள் காலை மூச்சு எண்ணிக்கை இறங்கியிருந்தது. "ரொட்டி குடுத்துப் பாக்கலாமா? டாக்டரைக் கேளேன்மா" என்றார். தொழிற்சாலைக்குக் கொண்டுபோகிற பையில் ரொட்டி இருந்தது. பால் வேண்டாம், கோழி சூப்பில் நனைத்து, தலையை நிமிர்த்தி வைத்து, நகத்தளவு கொடுக்கலாம் என்றார் டாக்டர். சரோஜா அக்கா முதல் துண்டை நீட்டினார். பாஸ் முகர்ந்தான். முகத்தைத் திருப்பினான். மறுபடி திரும்பி, துண்டை எடுத்து, மென்று விழுங்கினான். அடுத்ததுக்கு அவனே வாயைக் கொண்டுவந்தான். அரை ரொட்டி முடிந்ததும் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக நக்கினான். "பசியாறிட்டான்மா, என் ராஜா பசியாறிட்டான்!" என்று அவர் அழ, நானும் வெட்கமில்லாமல் சேர்ந்து அழுதேன். அந்தச் சொல் எதற்காக உண்டானதோ அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அப்போது பார்த்து கணவரின் அழைப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். "அம்மிணி, நாய் எப்படி இருக்குது?"

"பசியாறிடுச்சுங்க!"

அவர் குரல் இறங்கியது. "பசி ஆறிப்போச்சா? அடக் கடவுளே. பசியே ஆறிப்போச்சுன்னா அப்புறம் எங்க பொழைக்கறது?"

"ஐயோ, இல்லீங்க! சாப்ட்டுச்சுங்க, நல்லாச் சாப்ட்டுச்சு!" என்று கத்தினேன்.

கீழே உட்கார்ந்திருந்த சரோஜா அக்கா பதறிப்போய் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "என்னாம்மா, சாப்ட்டான்னு சொல்றே? பசியாறத்தானே செஞ்சான்! பார்த்து லா, தாள்லே தப்பா எழுதிடாதே."

ஒரு காதில் அக்கா, மறுகாதில் கணவர். இருவருக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றேன். தாளில் 'காலை 8.40, பாஸ்' என்று எழுதியிருந்தேன். அடுத்த சொல்லுக்குப் பேனா நின்றது.