நாற்பத்தேழாம் எண் டாக்டரைப் பார்த்த நாள்

அந்தக் குழந்தை வீட்டுக்குப் போனதா, இல்லையா? என் மூத்த மகளுக்கு எட்டு வயதாகிறது. அதற்கும் எட்டு வயதுதான் இருக்க வேண்டும், இருந்தால். எனக்கு இன்றுவரை தெரியாது.

போன வாரம் பாகலூர் சாலையில் மளிகை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் அரைக் கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை என் கையில் வைத்தார். வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்ற அம்மாள், "ஜரகம்மா, ஜரகு" என்று தெலுங்கில் அதட்டிய பிறகுதான் நகர்ந்து வழிவிட்டேன். அரைக் கிலோ எதையாவது கையில் வாங்கினால் எனக்கு இப்படித்தான் ஆகிறது. இடுப்பில் இருந்த சின்னவன் கூட என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு டயர் கடையின் மாடியில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனி ஒன்று இருந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுத மாட்டார்கள். பதிவுக் கருவியில் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பேச்சு எங்களுக்கு வரும். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். நடுவில் மிதித்தால் பேச்சு ஓடும். இடது ஓரத்தில் மிதித்தால் பின்னால் போய்த் திரும்பச் சொல்லும். கேட்டதைக் கேட்டபடி டைப் அடிக்க வேண்டும். கீழேயிருந்து புது ரப்பர் வாசனை ஏறி வந்துகொண்டே இருக்கும். இன்றைக்கும் டயர் கடையைக் கடந்தால் எனக்கு மருந்துப் பெயர்கள்தான் வாயில் வருகின்றன.

ஊத்தங்கரையில் வளர்ந்து, கிருஷ்ணகிரியில் தாவரவியல் படித்து, தொழிற்சாலை வேலைக்காரரைக் கட்டிக்கொண்டு ஓசூர் வந்தவள் நான். இந்த வேலை கிடைத்தபோது என் அப்பா, "டாக்டருக்குப் படிக்கல, டாக்டரு சொல்றதயாவது எழுதறியே" என்று சந்தோஷப்பட்டார். பாராட்டா கிண்டலா என்று அப்போதும் யோசித்தேன். நான் எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவள்.

டாக்டர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது, நோயாளிகளின் பெயரும் தெரியாது. டாக்டர்களுக்கு எண்தான். நாற்பத்தேழாம் எண், குறை மாதக் குழந்தைகளைப் பார்க்கிறவர். எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். பிஸ்கட்டா, வறுத்த கடலையா என்று நானும் பக்கத்து நாற்காலி பாக்யாவும் பந்தயம் கட்டுவோம். ஆனால் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் மட்டும் மெல்லும் சத்தம் நின்றுவிடும். ஒரு நொடி வெறும் அமைதி. அந்த அமைதி வந்தாலே பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவேன்.

அவரிடம் ஒரு குழந்தை இருந்தது. இரட்டையரில் இரண்டாவது, பெண். அதற்கு அதுதான் பெயர். ஆறாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அப்போது என் வயிற்றில் மூத்தவள். தினமும் வேலைக்குப் போனதும் முதலில் அந்தக் குழந்தையின் பதிவு வந்திருக்கிறதா என்று தேடுவேன். பத்து கிராம் ஏறியிருக்கும். மறுநாள் இறங்கியிருக்கும். மூச்சு நின்று திரும்பியிருக்கும். இரட்டையரில் முதலாவது தேறி வீட்டுக்குப் போய்விட்டது. இது மட்டும் கண்ணாடிப் பெட்டியிலேயே கிடந்தது.

ஒரு நாள் சமையலறையில் பருப்பு பாக்கெட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். என் நாத்தனார் சரசு பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, பருப்புக்குத் தாலாட்டா?"

"இல்ல சரசு, எடை பாக்கறேன்."

"கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

சொன்னேன். அதற்கப்புறம் அவளும் தினமும் கேட்க ஆரம்பித்துவிட்டாள். "இன்னிக்கு உங்க அமெரிக்காக்காரி எப்படி இருக்கா?"

அதற்குள் எனக்குப் பிரசவ நேரம் வந்துவிட்டது. பிள்ளை பெற்று, உடம்பு தேறி, திரும்பிப் போனால் நாற்பத்தேழு இல்லை. அவருடைய வேலை முழுவதும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாம். "அந்தப் பாப்பா?" என்று பாக்யாவிடம் கேட்டேன். "நீ லீவுல போன வாரமே அவரு பதிவு வர்றது நின்னு போச்சு கணே, எனக்கும் கொத்தில்லா" என்றாள், அவளுடைய பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக. ‘கணே’ என்றால் நம் ‘டீ’ மாதிரி. அவளுக்கும் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் பெங்களூரில் மாநாடு என்று அறிவிப்பு வந்தது. எங்களைப் போல டைப் அடிக்கிறவர்களுக்கென்றே ஒரு மாநாடு! எங்கள் கம்பெனியிலிருந்து பாக்யாவும் நானும். நட்சத்திர ஹோட்டல், குளிர்சாதன மண்டபம், கழுத்தில் பெயர் அட்டை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எந்தப் புடவை என்று ஒரு வாரம் யோசித்தேன். புடவை முடிவானதும் பாப்பாவைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். பத்து மாதமாகியும் புட்டிப்பால் வாயில் வைக்க மாட்டாள். போகாமல் இருந்துவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "போறதுன்னா போ, வேணாம்னா இரு. என்னைத் தூங்க விடு, காலைல ஷிப்டு" என்றார்.

சரசுதான் தீர்த்துவைத்தாள். "நானும் வர்றேன் அண்ணி. கீழ ஒக்காந்து பாப்பாவ வச்சுக்கறேன். பசிச்சா நீங்க எறங்கி வாங்க. நானும் நட்சத்திர ஹோட்டல் எப்போ பாக்கறது?"

அத்திப்பள்ளி எல்லை தாண்டியதும் பஸ்ஸில் பாட்டு கன்னடத்துக்கு மாறியது. பாப்பா அதற்கும் கை தட்டினாள். ஹோட்டல் வரவேற்பறையில் சுவரளவு மீன் தொட்டி ஒன்று இருந்தது. அதன் முன்னால் சரசுவையும் பாப்பாவையும் உட்காரவைத்துவிட்டு மேலே போனேன். இரண்டு முறை திரும்பி இறங்கி வந்து பார்த்தேன். "மீனெல்லாம் ஓடிப் போயிடாது, போங்க அண்ணி" என்று விரட்டினாள்.

மண்டபத்தில் நிறையப் பெண்கள், பாதிப்பேர் என் வயது. முதலில் பேசியவர் படுவேகம். தற்செயலாகக் கீழே பார்த்தேன். என் இடது கால் கம்பளத்தை மிதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாக்யாவின் காலும். முன்வரிசையில் பட்டுச் செருப்பு ஒன்று டக் டக்கென்று மிதிக்கிறது. புரியாத இடத்தில் பேச்சைப் பின்னால் ஓட்டப் பார்க்கிறோம் எல்லோரும்! பாக்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வேலையைச் செய்கிறவர்கள் உலகத்தில் இத்தனை பேரா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்து, அமெரிக்க டாக்டர் ஒருவர் பேசுவார் என்றார்கள். நெட்டையாக, தலை நரைத்து, சுருங்கிய கோட்டோடு ஒருவர் வந்தார். ஒலிபெருக்கியில் "குட் மார்னிங்" என்றார்.

நான் பாக்யாவின் கையைப் பிடித்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"நாற்பத்தேழு!"

"கடலைதான் கணே, நான் ஜெயிச்சேன். பாரு, பாக்கெட்டுல கை போடறாரு!"

அவர் என்ன பேசினார் என்று கேட்காதீர்கள். குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இருமல், அந்தப் பெருமூச்சு, எல்லாம் அப்படியே. இதுவரை காதுக்குள் இருந்த ஆளுக்கு முகம் வந்துவிட்டது. கேட்டுவிட வேண்டும், இன்று கேட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்ததைக் கூட முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். பாப்பாவுக்குப் பசி நேரம். எழுந்து போனால் இவர் போய்விடுவார். உட்கார்ந்திருந்தால் அவள் அழுவாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

கைதட்டல் ஓய்வதற்குள் வாசலில் அழுகைச் சத்தம். சரசு பாப்பாவோடு மேலேயே வந்துவிட்டாள். பெண்கள் அறைக்கு ஓடிப் பால் கொடுத்தேன். இவள் நிதானமாகக் குடிக்கிறாள், எனக்கோ மனசெல்லாம் வெளியே. முடிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டே ஓடினேன். டாக்டர் தேநீர் மேசை அருகில் தனியாக நின்றிருந்தார்.

"பேடா கணே," என்றாள் பாக்யா, என் முழங்கையைப் பிடித்து. "வேணாம். கையெழுத்து போட்டிருக்கோம். நோயாளி பத்தி வாயே தொறக்கக் கூடாது. கம்பெனி போயிடும்."

அறைக்குள்ளேயே ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது, "சார், ஐ யாம் டைப்பிங் யூ." அவர் விழித்தார். டைப் அடிப்பது போலக் காற்றில் விரலை ஆட்டிக் காட்டினேன். புரிந்ததும் அப்படியொரு சிரிப்பு. "அப்படியானால் நான் தின்பதையெல்லாம் கேட்ட பாவப்பட்டவர் நீங்கள்தானா!" என்றார். பிறகு கேட்காமலே பாப்பாவைக் கை நீட்டி வாங்கினார். புது முகம் பார்த்தால் வீறிடுகிறவள், அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் பதிவுக் கருவியில் பேசும் அதே குரலில் ஆரம்பித்தார்: "பெண் குழந்தை, நல்ல போஷாக்கு, நல்ல நிறம். பரிசோதிப்பவரின் கழுத்தை நெரிக்கிறது. முற்றுப்புள்ளி. அடுத்த பத்தி."

என் மகளை நாற்பத்தேழு சொல்கிறார்! என் விரல்கள் தாமாக அசைந்தன. அந்தச் சந்தோஷத்தில்தான் துணிச்சல் வந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டேன். இரட்டையரில் இரண்டாவது, பெண். வீட்டுக்குப் போனதா?

ஒரு நொடி வெறும் அமைதி. எனக்குத் தெரிந்த அமைதிதான். ஆனால் அவர் இரண்டு கையிலும் என் குழந்தை இருந்தது, வாயில் மெல்ல ஒன்றுமில்லை. எதை வைத்து நான் கண்டுபிடிப்பது?

"அதை நான் சொல்லக் கூடாது, அம்மா. உங்களுக்கே தெரியும்" என்றார் மெதுவாக. பாப்பாவின் உள்ளங்காலைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிவிட்டு என்னிடம் கொடுத்தார். அதற்குள் யாரோ அவரை அழைத்துப் போய்விட்டார்கள்.

பஸ்ஸில் சரசு சொன்னாள், "நல்லாத்தான் இருக்கும் அண்ணி. இல்லன்னா நம்ம பாப்பாவ அந்தக் கொஞ்சு கொஞ்சுவாரா?" இரவு வீட்டில் வீட்டுக்காரர், "இல்லாமப் போனதாலதான் அப்படிக் கொஞ்சியிருப்பாரு" என்றார். இரண்டும் சரியாகவே பட்டது. புகார் வருமோ என்று கொஞ்ச நாள் பயந்தேன். எதுவும் வரவில்லை.

டயர் கடை இப்போது செல்போன் கடை. மாடியில் அழகு நிலையம். கம்பெனி மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. பாக்யா கல்யாணமாகி மைசூர் பக்கம் போய்விட்டாள். அமெரிக்காவில் இப்போது டாக்டர் பேசப் பேசக் கணினியே எழுதிவிடுகிறதாம். அது வேகமாகத்தான் எழுதும். மறுநாள் அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று அது தேடாது.

சரசு சென்ற மாதம் இன்டர்நெட் மையத்துக்குப் போய் அவர் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். பெயர் மாநாட்டு அழைப்பிதழில் இருந்ததே. மருத்துவமனையின் முகவரி, மின்னஞ்சல் எல்லாம் எழுதிக்கொண்டு வந்து தந்துவிட்டாள். இப்போது நான் எந்தக் கம்பெனியிலும் இல்லை. கேட்டால் யாருடைய வேலையும் போகாது. ஆனால் அந்தத் தாய்க்கு, தன் குழந்தையை ஓசூரில் ஒருத்தி எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்தால் பிடிக்குமா? வீட்டுக்குப் போகவில்லை என்று பதில் வந்தால் என் மகளை நான் எப்படிப் பார்ப்பேன்? பதிலே வராவிட்டால்? மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்துவிட்டேன். குழந்தை வளர்க்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நீங்களாக இருந்தால் அந்தக் கடிதத்தை அனுப்புவீர்களா?