வியாழக்கிழமை மெயில்

பதினான்கு வருடமாகத் திட்ட மேலாளராக இருந்தவருக்கு அலுவலகத்தில் 'அட்டவணை' என்று பட்டப்பெயர். எந்த வேலை யார் கையில், எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்பதெல்லாம் அவர் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வரவேண்டும். வருவார்கள், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

புதிதாகச் சேர்ந்த டிசைனர் பெண் இரண்டே வாரத்தில் அந்தப் பெருமைக்கு உலை வைத்தாள். குழுவில் இருந்த பன்னிரண்டு பேரையும் சேர்த்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தாள். "இந்த பட்டன் வேலை செய்யல" என்று ஒருவன் படம் போட்டால், ஐந்து நிமிடத்தில் இன்னொருவன் சரிசெய்துவிடுவான். மேலாளர் மேஜைப் பக்கம் ஈ, காக்காய்கூட வரவில்லை.

"போனோட என்ன சண்டை? இப்படி முறைக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குரூப்பைத் திறந்தார்.

ஒரு திங்கட்கிழமை வாடிக்கையாளரிடமிருந்து அவருக்கு மட்டும் மெயில் வந்தது: வியாழன் காலை சர்வரை நிறுத்தி வைக்கிறோம். அதே நாள் குரூப்பில் டிசைனர் பெண் கேட்டிருந்தாள்: "வியாழன் காலை பத்து மணிக்கு கிளையன்ட் சர்வர்ல புது வெர்ஷனை ஏத்திடலாமா?" அவர் விரல் திரைமேல் நின்றது. 'பெரிய கெட்டிக்காரிதானே, அவளே கண்டுபிடிக்கட்டும்' என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

வியாழன் பத்து மணிக்கு எதுவும் ஏறவில்லை. "சர்வரை நிறுத்தின நேரத்துலயா ஏத்துவீங்க?" என்று வாடிக்கையாளர் போனில் அவளைக் காய்ச்சி எடுத்தார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "என் தப்புதான். கேட்டு உறுதிப்படுத்தியிருக்கணும்" என்று குரூப்பில் எழுதினாள். "விடுங்கக்கா", "நாங்க இருக்கோம்ல" என்று வரிசையாக வந்து விழுந்தன. மன்னிப்புக் கேட்டால்கூட இவளுக்கு ஆள் சேருகிறதே என்று அதிலும் ஒரு ஆற்றாமை. அப்படி நினைத்த மறுகணம் அவருக்கே கூசியது. எழுந்து அவளிடம் போனார்.

"அந்த மெயில் திங்கக்கிழமையே எனக்கு வந்துடுச்சும்மா. நான்தான் சொல்லல."

"மறந்துட்டீங்களா சார்?"

ஆமாம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். "இல்ல. பொறாமை."

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "இதை எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி சார்?"

நடந்ததை அப்படியே குரூப்பில் எழுதினார். ஒருவரும் பதில் போடவில்லை. இரண்டு நாள் யாரும் அவர் முகம் பார்த்துப் பேசவுமில்லை. சனிக்கிழமை வெர்ஷன் ஒழுங்காக ஏறியது. அன்றிலிருந்து வாடிக்கையாளர் மெயில் எது வந்தாலும் முதல் வேலையாக எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்.

நான்கு மாதம் கழித்து வேறு வேலைக்குப் போன அவள், குரூப்பை அவர் பொறுப்பில் விட்டுப் போனாள். "அவங்க இருந்தா ஒரு நிமிஷத்துல முடிச்சிருப்பாங்க" என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் இன்றைக்கும் அவருக்குச் சுருக்கென்கிறது. ஆனாலும் வேறு வழி தெரியாதபோது, அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார்.