மெரூன் நூலும் ஒன்பது வாட் பல்பும்

தையற்காரம்மா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. ஜன்னலில்லாத உள்ளறையில் முப்பத்தொரு வருஷமாக ஒரே மெஷினில் தைத்து வருகிறவர். துணியைப் பார்த்ததும் கை நூல் டப்பாவுக்குள் போகும். சரியான நிறத்தோடுதான் வெளியே வரும். அந்தப் பெயருக்கு ஐம்பத்தாறாவது வயதில் பங்கம் வந்தது.

மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற அவருடைய வீட்டுக்காரர், ஜூன் ஏழாம் தேதி வீடு முழுக்கப் பல்பு மாற்றினார். அறுபது வாட் குண்டு பல்புகள் ஆறும் இறங்கின. ஒன்பது வாட் எல்இடி ஆறும் ஏறின. வெளிச்சம் குறையவில்லை. தையல் மெஷினுக்கு மேலே உச்சந்தலையைச் சுட்டுக்கொண்டிருந்த சூடும் போயிற்று. தையற்காரம்மாவுக்கு அதுவே பெரிய சுகம்.

பதினோராம் நாள் ஒரு டீச்சர் மெரூன் ரவிக்கையோடு திரும்பி வந்தார்.

"என்னம்மா, காப்பிப்பொடி கலர் நூல்ல தைச்சிருக்கீங்க?"

தையற்காரம்மா அதை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். தையல் முழுக்கப் பழுப்பு. அந்த வாரமே இன்னும் இரண்டு துணி அதே குறையோடு வந்தன. கண் போய்விட்டது என்று தையற்காரம்மா முடிவு கட்டிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் மட்டும், "வெள்ளிக்கிழமை வந்து மெஷினை எடுத்துக்கோ" என்றார்.

சேதி வீட்டுக்காரர் காதுக்கு எட்டியது. அவர் ஒரு பழைய குண்டு பல்பை மாட்டி, இரண்டு நூல்கண்டுகளை நீட்டினார்.

"இதுல மெரூன் எது?"

தையற்காரம்மா பட்டென்று தொட்டுக் காட்டினார். புதுப் பல்பை மாட்டியதும் அவர் விரல் தயங்கியது.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. நான் வாங்கின பல்புதான் மட்டம், சிவப்பைச் சரியாக் காட்டல."

தையற்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ பழசையே மாட்டிடுங்க."

"அதுல கருநீலமும் கறுப்பும் ஒண்ணா தெரியுமே."

"ஆமா, அதுக்குத்தான் எப்பவும் வாசலுக்கு ஓடுவேன்."

மறுநாள் காலை நாலு நூல்கண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் கடை கடையாக ஏறினார். ஒவ்வொரு பல்பாக எரியவிட்டு, அடியில் நூலைப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"பல்பு வாங்க வந்தீங்களா, பட்டன் தைக்க வந்தீங்களா?"

"தைக்கிறது என் வீட்டுக்காரி. அடுத்ததை எரிய விடுங்க."

ஏழாவது பல்பு தேறியது. அதுவும் எல்இடிதான், அதே ஒன்பது வாட். மெரூன் மெரூனாகவே இருந்தது, கருநீலமும் கறுப்பும் தனித்தனியாகப் பிரிந்தன, சூடும் இல்லை. அதன் கீழே தையற்காரம்மா டீச்சரின் ரவிக்கையைப் பிரித்துத் திரும்பத் தைத்தார். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். நன்றி என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டுக்காரி வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கோம்மா" என்றார் தையற்காரம்மா. "மூணு கடை ஏறி எனக்குன்னு ஒரு பல்பு கொண்டாந்திருக்காரு. அது எரியற வரைக்கும் நான் தைக்கணும்."

"எத்தனை நாள் எரியுமாம்?"

"பதினஞ்சாயிரம் மணி நேரம்" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "தினம் ஆறு மணி நேரம்னா ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்."

அடுத்த வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள்.

"நல்லதாப் போச்சுக்கா. நானே தைச்சுப் பழகலாம்னு வாங்கினேன். நீங்களே தைச்சுக் குடுத்துடுங்க."