செவலை வழுக்கிய வீடு

“…செரிங்கண்ணா, எம் மாட்டை எனக்கு அடக்கத் தெரியலீன்னே இருக்கட்டுங்க. அதுக்கு அடீல உங்க ஒப்பு கெடக்குதுங்களே, அதைய நீங்கதான் போட்டீங்களா, இல்ல வேற ஆராச்சும் போட்டாங்களா? அத மட்டுஞ் சொல்லுங்க.”

ஒரு கையில் பால் கேன். இன்னொரு கையில் பதிவுத் தபாலில் வந்த கடிதம். எங்கள் வீட்டு முன்படியில் நின்று இப்படிக் கேட்டவர், எங்களுக்குத் தினமும் பால் ஊற்றுகிற அம்மிணி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அம்மிணி என்பேன். ஒப்பு என்றால் எங்கள் பக்கத்தில் கையெழுத்து. மலையாளக் காகிதங்களோடு புழங்கிப் புழங்கி எங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல்.

கடிதத்தின் பின்னால் இணைத்திருந்த தாளில் இருந்தது என் கையெழுத்துதான். ஆனால் அதற்கு மேலே இருந்த வரிகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். 

நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மலையாளத்து எல்லைக்குள் இருக்கிற மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், வாடகை வீடுகளிலேயே தலை நரைத்த பிறகு, பேங்க் கடன் வாங்கி ஒரு வீடு கட்டினோம். “ஊட்டைக் கட்டிப் பாரு, கண்ணாலம் பண்ணிப் பாருன்னு சொன்னவன் கடன் வாங்காமக் கட்டியிருப்பானுங்க” என்பார் எங்கள் கொத்தனார். கடன் கொடுத்த கையோடு பேங்க்காரர் வீட்டுக்கு இன்சூரன்ஸும் போட வைத்தார். தீ, வெள்ளம் மட்டுமில்லை, வீட்டுக்குள் எதிர்பாராமல் நடக்கிற சேதத்துக்கும் சேர்த்துப் போட்டால் நல்லது, ஒரு கண்ணாடி கை தவறி உடைந்தாலும் கிடைக்கும் என்று மலையாளத்தில் விளக்கினார். மலையாளம் எனக்குக் காதுக்கும் வாய்க்கும் வரும். கண்ணுக்கு வராது. தமிழ் எழுத்தையே டீக்கடைப் பேப்பரில் கூட்டிக் கூட்டிப் படித்தவன் நான்.

புதுமனை புகுகிற புண்ணியார்ச்சனை அன்று விடியும் முன் பசுவும் கன்றும் முதலில் வீட்டுக்குள் நுழைய வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் புது வீடு எங்கே திறந்தாலும் அம்மிணியின் செவலைப் பசுவைத்தான் கூப்பிடுவார்கள். அத்தனை சாது. அதற்கு அவர் காசு வாங்குவதில்லை. தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி, அவ்வளவுதான். “கூலி வாங்குனா அது மாடோட்டறதுங்க, வாங்காட்டித்தான் மகாலச்சுமி” என்பார். பாலிலும் அப்படித்தான். லிட்டர் என்று நாங்கள் சொல்கிற அளவுக் குவளையால் அளந்து ஊற்றிய பிறகு கேனைச் சாய்த்து ஒரு கொசுறு விடுவார். “அளந்தது உங்களுக்குங்க, மேல விழறது எனக்குப் புண்ணியம்” என்ற அவருடைய பேச்சை நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

புண்ணியார்ச்சனைக்கு முதல் நாள் பால் கொண்டுவந்தபோது புதுத் தரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருக்கிறது, கோணிப்பைகளை நனைத்து விரித்துவிடுங்கள், குளம்புக்குப் பிடிமானம் வேண்டும் என்றார். சொன்னபடியே வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் எட்டுக் கோணியை நனைத்து விரித்தேன்.

மறுநாள் போட்டோக்காரர் கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை செலவு பண்ணித் தரை போட்டு அதன் மேல் தவிட்டு மில் மாதிரி கோணியா என்று சிரித்தார். எனக்கும் அது அப்படித்தான் பட்டது. எட்டையும் நானே சுருட்டிக் கொல்லைப்பக்கக் கதவுக்குப் பின்னால் போட்டேன். என் மனைவி வெளியே கோலத்தருகில் இருந்தாள். அம்மிணி செவலையின் கொம்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்.

கயிற்றைப் பிடித்து உள்ளே அடி வைத்தவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பின்னால் சொந்தபந்தமெல்லாம் நெருக்கிக்கொண்டு நின்றது. நல்ல நேரம் போய்விடும் என்று ஐயர் அவசரப்படுத்தினார். அம்மிணி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நடத்தினார்.

சாப்பாட்டு அறையில் செவலையின் பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கம் போயின. விழுந்த மாடு மிரண்டு எழுந்த வேகத்தில் அதன் தோள் கைகழுவும் பேசினில் மோதியது. பேசின் சுவரோடு பெயர்ந்து வந்தது, குழாய் முறிந்தது, மேல்தொட்டித் தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள் இறங்கியது. வால்வு எங்கே இருக்கிறது என்று பிளம்பரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவர் வெளியே பந்தலில் வேலையாட்களோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கை கழுவி வருவதற்குள் புது பிளைவுட் அலமாரிகள் அடியிலிருந்து தண்ணீரைக் குடித்துவிட்டன. ரெண்டு நாளில் எல்லாம் பொங்கல் பானை மாதிரி உப்பிப் போயின.

செவலையின் முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. அம்மிணி என் வீட்டு மஞ்சளையும் நல்லெண்ணெயையும் வாங்கிக் குழைத்துப் பூசிவிட்டு மாட்டோடு போய்விட்டார். கோணி எங்கே என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

இன்சூரன்ஸுக்கு எழுதிப் போட்டோம். சேதத்தைப் பார்க்க ஒரு இளைஞர் வந்தார். விருந்தாளி மாதிரி உட்கார வைத்து, பணியாரம் கொடுத்து, மாடு எதற்கு வீட்டுக்குள் வருகிறது என்பதிலிருந்து அத்தனையும் சொன்னேன். கோணியைத் தவிர அத்தனையும். அவர் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார். சில வாரம் கழித்து வந்த கடிதத்தைப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் படித்துச் சொன்னாள். விலங்கை நீங்களே விரும்பி உள்ளே அழைத்து வந்திருக்கிறீர்கள், ஆகவே இது எதிர்பாராத சேதம் ஆகாது, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாட்டைக் கூப்பிட்டது நிஜம்தான். பேசினை உடைக்கவா கூப்பிட்டேன்? டீக்கடையில் புலம்பினேன். “பணம் கட்டறப்ப வாசல்ல வந்து கூப்பிடுவானுங்க, திருப்பிக் கேட்டாத்தான் வாசல் எந்தப் பக்கம்னே தெரியாது” என்று ஆறுதல் சொன்ன ஒருவர், மேல்முறையீடு எழுதித் தருகிற கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றையும் காட்டினார். அங்கே இருந்தவர் ரெண்டே கேள்வி கேட்டார். மாடு யாருடையது? கயிறு யார் கையில் இருந்தது? பேரையும் ஊரையும் சொன்னேன். தட்டித் தட்டி ஆங்கிலத்தில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று எடுத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, எல்லாம் கேஸ் நிற்கிற மாதிரி எழுதியிருக்கிறேன், ஒப்பிடுங்கள் என்றார். ரெண்டு தாளிலும் தமிழில் போட்டேன்.

அந்தத் தாளைத்தான் அம்மிணி என் வாசற்படியில் படித்துக் காட்டினார். அவர் மலையாளப் பள்ளியில் படித்தவர். ஒரு வரியை மனசுக்குள் படிப்பதும் தமிழில் சொல்வதுமாக நிதானமாகப் போனார்.

“‘மாட்டோட சொந்தக்காரி கவனமில்லாம மாட்டைக் கொண்டாந்தாங்க. மெரண்டப்ப அடக்க ஒண்ணும் பண்ணலை. நட்டத்துக்கு அவங்கதான் உத்தரவாதி, பொறுப்பு.’ இப்படி எழுதியிருக்குதுங்கண்ணா.”

கம்பெனி அவருக்கு எழுதியிருந்தது இதுதான். எங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டி வந்தால் அதை உங்களிடம் வசூலிக்கிற உரிமை எங்களுக்கு உண்டு, உங்கள் விளக்கத்தை அனுப்புங்கள். தபால்காரர் அதைப் பால் சொசைட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அங்கே ஒருவர் வாசித்திருக்கிறார். அடுத்த வாரத்துக்குச் செவலையைச் சொல்லி வைத்திருந்த ஒரு வீட்டுக்காரர் அங்கேயே, வேறு மாடு பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டாராம்.

அதற்குப் பிறகுதான் அந்த ஒப்பு யாருடையது என்று கேட்டார்.

“நாந்தான் போட்டேன் அம்மிணி. படிக்கத் தெரியாமப் போட்டுட்டேன்.”

“படிக்கத் தெரியாமத்தானுங்களா கோணியப் பத்தி இத்தன நாளு வாயத் தொறக்காம இருந்தீங்க?”

  உள்ளேயிருந்து வந்த என் மனைவி, என்ன கோணி என்று கேட்டாள். 

அம்மிணி கேனைக் கீழே வைத்தார். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டார். படியில் உட்கார்ந்து, கேன் மூடியின் மேல் தாளை வைத்து, கம்பெனிக்கு என் பேரில் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் தமிழில் சொல்லி, என் முகத்தைப் பார்த்து, நான் தலையாட்டிய பிறகே அடுத்த வரிக்குப் போனார். மாட்டை அழைத்தது நான். அவர் கூலி வாங்கவில்லை. முந்தின கடிதத்தை நான் படிக்காமல் ஒப்பிட்டேன். மாட்டுக்காரர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அங்கே வந்து பேனா நின்றது.

“கோணி விசயம் எழுதட்டுங்களா, வேண்டாங்களா?”

எழுதினால் என் கோரிக்கை அதோடு செத்தது. உப்பிப் போன அலமாரிகளை அப்படியே வைத்துக்கொண்டு கடனைக் கட்ட வேண்டியதுதான். மனைவி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எழுதுங்க” என்றேன்.

எழுதினார். முன்கூட்டியே சொல்லியும் விரிப்பை எடுத்தது நானே என்ற அந்த வரியை மட்டும் ரெண்டு தரம் படித்துக் காட்டினார். மலையாள எழுத்துக்கு அடியில் தமிழில் என் ஒப்பைப் போட்டேன். அந்தக் கடிதம் போன பிறகு கம்பெனியிலிருந்து அவருக்கு எதுவும் வரவில்லை. எனக்கு வந்தது ரெண்டே வரி. எங்கள் அலமாரிக் கதவுகள் இன்னும் மூடுவதில்லை.

அன்றைக்கு அம்மிணி அந்தத் தாளை நாலாக மடித்து, நானே தபாலில் போட்டுக்கொள்கிறேன் என்று தன் கடிதத்தோடு சேர்த்து இடுப்பில் செருகினார். பிறகு என் மனைவியிடம் பாத்திரம் கேட்டு வாங்கினார். லிட்டரைக் கேனுக்குள் விட்டு, விளிம்பு வரை மொண்டு, பாத்திரத்தில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் பிடித்திருந்துவிட்டு, லிட்டரைக் கேனுக்குள் மாட்டி, கேனைச் சாய்க்காமலே மூடியைப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி மூடினார்.