கீபோர்டுக்குத் தைத்த பை

ஜிப்பை இழுக்கும்போது வருகிற ‘சர்ர்ர்’ சத்தம் பாதி வழியில் ஒரு நொடி திக்கி மறுபடி ஓடும் பாருங்கள், அந்த ஒரு நொடியில் என் கை இன்றைக்கும் தானாகத் தோள்வாரைத் தேடிப் போகும். கச்சேரிக்குக் கிளம்பும் நாளில் நீ மனுஷியாகவே இருப்பதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார், உண்மைதான். கீபோர்டைப் பைக்குள் வைத்து, ஜிப்பை மூடி, திறந்து, மறுபடி மூடி, தோள்வார் பையோடு சேருகிற இடத்தில் விரலை ஓட்டி, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்து, வாசல் வரை போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். கீழே வேன்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார். பத்து வருஷத்தில் ஆறு பை மாற்றிவிட்டேன். ஒன்று கனம், ஒன்றில் உள்மெத்தை போதவில்லை, இன்னொன்றில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அதன் வார் மேல் எனக்கு ஏனோ நம்பிக்கை வரவில்லை. “ஏனுங்கக்கா, மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இத்தன பாக்க மாட்டாங்களே” என்று கடைக்காரத் தம்பி ஒருநாள் கேட்டே விட்டான். இப்படி நிலைகொள்ளாமல் தவிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பத்து வயதாயிருந்தபோது நடந்தது.

அப்போது நாங்கள் திருப்பூரில் மங்கலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ‘லைன் ஊட்டில்’ குடியிருந்தோம். வரிசையாக எட்டு வீடு, எட்டுக்கும் ஒரே குழாய். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா வேறொரு கம்பெனியில் டெய்லர். அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சண்டை மூண்டாலும் அது கடைசியில் கட்டிங்குக்கும் தையலுக்கும் நடக்கிற சண்டையாகத்தான் போய் நிற்கும். குழம்பில் உப்புக் கூடிவிட்டால், “தெய்க்கறவங்க அளவு பாத்துத் தெய்க்கோணும்” என்பார் அப்பா. “வெட்டிக் குடுக்கறவங்க மொதல்ல ஒழுங்கா வெட்டிக் குடுக்கட்டுமுங்க” என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். நடுவில் இருந்த நான் ‘செக்கிங்’. கம்பெனிகளில் தைத்து முடித்த உருப்படியைப் பெண்கள் உட்கார்ந்து சோதிப்பார்கள். ஓட்டையோ கறையோ கோணலோ தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டும்படி சின்னதாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அந்த ஸ்டிக்கர் தாள் ஒன்றை அப்பா எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சுவர் விரிசலில் ஒட்டினேன், கருகின தோசை இருந்த தட்டில் ஒட்டினேன், ஒருநாள் மதியம் அப்பா தூங்கும்போது அவருடைய வழுக்கையிலும் ஒன்று ஒட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, “அது ரிப்பேர் ஆகாது, உட்ரு கண்ணு” என்றாள்.

அப்பா சின்ன வயதில் சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்துப் பழகியவர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கிருந்தோ ஒரு பழைய கீபோர்டை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு இன்னிசைக் குழுவோடு கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கப் போவார். வாசிப்பைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் அவர் அதைச் சுமந்து போகிற கோலத்தில்தான். முதலில் போர்வையில் சுருட்டி, பனியன் துணி விளிம்பில் வெட்டின நாடாவால் கட்டிக்கொண்டு போனார். நாடா இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், பத்தடி நடப்பதற்குள் முடிச்சு தளர்ந்து போர்வை வாலாகத் தொங்கும். அப்புறம் ஏற்றுமதிக்குப் போகிற அட்டைப் பெட்டி இரண்டை ஒட்டுத்தாள் போட்டு இணைத்து, அதற்குள் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பெட்டியின் மேல் ‘எக்ஸ்எல்’ என்று பெரிதாக அச்சடித்திருக்கும். சோமனூரில் ஒரு மண்டபத்து வாசலில் நின்றவர் பார்சல் கொண்டுவந்த ஆள் என்று நினைத்து அவரைப் பின்வாசலுக்குப் போகச் சொல்ல, அங்கே பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு நடுவில் பெட்டி நனைந்து, அடிப்பக்கம் பிய்ந்துகொண்டது. நல்லவேளை, அப்பா மடியில் தாங்கிவிட்டார்.

குழுவை நடத்தியவருக்குப் பொறுமை போய்விட்டது. நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். “மாஸ்டர், உங்க கைக்கு ஒரு கொறையுமில்லீங்க. ஆனா வர்ற நாயித்துக்கெழம வெள்ளகோவில்ல பெரிய எடத்துக் கல்யாணம். ஒழுங்கான பை இல்லாம வந்தீங்கன்னா நான் வேற ஆளத்தானுங்க பாக்கோணும்” என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். கடையில் விற்கிற கீபோர்டு பை எங்களுக்கு எட்டாக்கனி. அப்பா மறுநாள் முரட்டுக் கேன்வாஸ் துணியும் மெத்தைக்கு ஸ்பாஞ்சும் வாங்கிவந்து, ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவின் தையல் மெஷின் மேல் வைத்தார். அம்மாவும் ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அம்மாவுக்கு இருந்த ஆத்திரம் பை மேல் அல்ல. வாரத்தில் ஆறு நாள் இருவரும் கம்பெனியில். மிச்சமிருக்கிற ஒரு நாளில் காலையில் சர்ச், சாயங்காலம் கச்சேரி. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அப்பாவின் கச்சேரிக்குப் போனதில்லை. அவர் கூப்பிட்டாரா, அவள் மறுத்தாளா, எனக்குத் தெரியாது. அவளுக்கு அந்த கீபோர்டைக் கண்டாலே ஆகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. எல்லாம் என் வழியாகத்தான். “உங்கப்பாவ சோறு திங்கச் சொல்லு.” “உங்கம்மாகிட்ட பசிக்கலைன்னு சொல்லு.” பத்தடி அகல வீட்டில் இங்குமங்கும் நடந்து எனக்குக் கால் வலித்தது.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா, “உங்கம்மாகிட்டச் சொல்லு, தெய்க்கறதுன்னாத் தெய்க்கட்டும். இல்லீன்னா நான் போர்வையிலயே சுத்திட்டுப் போறேன், போற மானம் போகட்டும்” என்றார். நான் அடுப்படிக்குப் போனேன். எனக்கு என்ன தோன்றியதோ, “நாளைக்கு நம்மளையும் கூட்டிட்டுப் போறாராம்மா. நீ வந்தாத்தான் அவருக்கு வாசிக்கவே கை வருமாம்” என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “நெசமாலுமா சொன்னாரு?” என்றாள். சத்தியமாக என்று தலையில் அடித்துச் சொன்னேன். அப்பா கூடத்திலிருந்து இதைக் கேட்டிருப்பார், கேட்காமல் எப்படி இருந்திருக்கும்? ஆனால் மறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து துணி வெளியே வந்தது.

அப்பா தரையில் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கீபோர்டின் மேல் டேப் வைத்து அளந்தார். “நீளம் முப்பத்தெட்டு, மார்பளவு பதினாறு...” என்று பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே போக, அம்மா, “கழுத்தெறக்கம் எவ்வளவுங்க?” என்றாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் நேராக அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்துணிக்கு, ஏதோ வெளிநாட்டுக் குழந்தைச் சட்டைக்கு அச்சடித்து ஒதுக்கிவிட்ட மஞ்சள் வாத்துத் துணி கிடைத்தது. வாத்து வேண்டாம் என்று அப்பா கெஞ்சினார்; அம்மா கேட்கவில்லை.

இங்கேதான் நாங்கள் பனியன்காரர்கள் என்பதைக் காட்டிக்கொண்டோம். வீட்டு மெஷினில் இருந்தது பனியன் துணிக்கென்று உள்ள, முனை மழுங்கின ஊசி. துணியின் கண்ணி அறுந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார்கள். கேன்வாஸைத் துளைக்கக் கூர்மையான தடித்த ஊசி வேண்டும். எங்களுக்கோ ஊசி என்றால் அந்த ஒரு ஊசிதான். பையின் உடம்பை அது எப்படியோ தைத்துவிட்டது. தோள்வார் சேரும் இடத்தில் துணி நான்கு மடிப்பானபோது மெஷின் முக்கியது, முனகியது. அம்மா மிதியிலிருந்து ஒரு நொடி காலை எடுத்தாள். நூலைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு ஓட்டி முடித்துவிட்டாள்.

அப்பா பையை என் முன்னால் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, “செக்கிங் மேடம், பாத்துச் சொல்லுங்க” என்றார். நான் ஸ்டிக்கர் தாளோடு உட்கார்ந்தேன். ஜிப் சரி, மூலைகள் சரி. இடது வாரின் அடியை மடித்துப் பார்த்தபோது அங்கே ஐந்தாறு தையல் தாண்டியிருந்தது. நூல் துணிக்குள் இறங்காமல் மேலாகவே கிடந்தது. அம்பு ஒன்றை உரித்து விரல் நுனியில் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா துணிப் பெட்டியைத் திறந்து, “ஏனுங்க, நீலச்சீலையக் கட்டட்டுமா, அரக்குக் கலரக் கட்டட்டுமா?” என்று கேட்டாள். அப்பாவிடம் அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. இப்போது குறை என்று சொன்னால் வாரைப் பிரிக்க வேண்டும், வெட்டினவரா தைத்தவரா என்று மறுபடி சண்டை வரும், நீங்களே போய்க்கங்க என்று அவள் சீலையை உள்ளே வைத்துவிடுவாள். அம்பை என் பாவாடை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, “பாஸ்!” என்று கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளகோவில் பஸ்ஸுக்குக் கூட்டம் அலைமோதியது. ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு நானும் அம்மாவும் இடம் பிடித்துவிட்டோம். அம்மா நீலச்சீலை கட்டியிருந்தாள். அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி மிடுக்காகப் படியில் கால் வைத்தார். பின்னாலிருந்து யாரோ நெருக்கினார்கள். ‘பர்ர்’ என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து பஸ் படியின் இரும்பு விளிம்பில் ‘தட்’டென்று விழுந்த சத்தத்தை நான் சொல்லி உங்களுக்குப் புரியவைக்க முடியாது. அறுந்த வாரைக் கையில் பிடித்தபடி அப்பா பார்த்தது கீழே கிடந்த பையை அல்ல, ஜன்னலோரம் இருந்த அம்மாவை. “ஐயோ, என்ற கையில தெச்சதுங்களே” என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். காங்கேயம் தாண்டும்வரை அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான்தான் என்று சொல்ல நூறு தடவை வாயைத் திறந்து, ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மண்டபத்தில் பையைத் திறந்தபோது வாத்துகளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கீபோர்டின் நடுவில் மூன்று கட்டைகள் பேசவே இல்லை. அப்பா சுருதியை மாற்றிப் பார்த்தார், பாட்டை மேலே தூக்கிப் பார்த்தார். எப்படிப் போனாலும் மெட்டு சுற்றிக்கொண்டு அந்த மூன்று இடத்துக்கே வந்து நின்றது. கடைசி வரிசையில் அம்மா என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாசிப்பதைக் கேட்கிறாள், அதையும் ஓட்டையோடு கேட்கிறாள். ஸ்வரம் விழாத ஒவ்வொரு இடத்திலும் அவள் பிடி என் விரலில் இறுகியது. குனிந்து பார்த்தேன், நேற்றுக் கட்டியிருந்த அதே பாவாடையின் ஓரத்தில் அந்த அம்பு அப்படியே ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து நாற்காலிக்கு அடியில் போட்டேன்.

“சொல்லி அனுப்பறனுங்க மாஸ்டர்” என்று குழுக்காரர் விடைகொடுத்தார். சொல்லி அனுப்பவே இல்லை. அம்மா திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு தடித்த ஊசி வாங்கிவந்து, அந்த வாரை யாராலும் பிய்க்க முடியாதபடி மூன்று வரிசை ஓட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பை வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. கீபோர்டு என் கைக்கு வந்தது. பேசாத அந்த மூன்று ஸ்வரத்தையும் வாயால் பாடிக்கொண்டே வாசித்துப் பழகினேன். அப்படித்தான் நான் வாசிப்புக்காரி ஆனேன்.

போன வாரம் ஏழாவதாக ஒன்று வாங்கினேன். துணியும் இல்லை, வாரும் இல்லை, தையலே இல்லை. சக்கரமும் கொக்கியும் வைத்த கனத்த பெட்டி. இன்றைக்குக் கச்சேரிக்குக் கிளம்பும்போது அதையும் நான் இழுத்து இழுத்துப் பார்ப்பதை, என்னோடு இருக்கிற அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஏங் கண்ணு, இன்னமும் செக்கிங்தானா?” என்றார். அம்மா போய் மூன்று வருஷமாகிறது. இனி யாரிடம் மறைப்பது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“தெரியுமே” என்றார் அவர். “உன்ற பாவாடையில அம்பு ஒட்டியிருந்துது. என்னடான்னு வாரத் தடவிப் பாத்தேன். ஒரு நாளைக்குத் தாங்கும்னு நெனச்சு நானும் உட்டுட்டேன்.”

“பாவம், அம்மாவுக்குத்தான் தெரியாம போச்சு. தன்மேலயே பழியப் போட்டுக்கிட்டா.”

அப்பா இல்லை என்று கையசைத்தார். “உங்கம்மாளுக்கா தெரியாது? ஊசி தாண்டுனா மெஷின் சத்தத்துலயே புடிச்சிருவா. அந்த எடத்துல கால எடுத்தா பாரு, அப்பவே தெரிஞ்சு போச்சு அவளுக்கு. பிரிச்சுத் தெய்க்கோணும்னா வேற ஊசி திங்கக்கெழம கம்பெனியிலதான் கெடைக்கும். நாயித்துக்கெழம போக முடியாதில்ல?” என்று நிறுத்தி, “அவளுக்குப் போகோணும்னு இருந்துது கண்ணு” என்றார்.

லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனி குடோன். மெஷினை விற்றாயிற்று, வாத்துப் பை எந்தக் குடிமாற்றத்தில் தொலைந்ததோ தெரியவில்லை. பொய் சொல்லி நான்தான் அவளைக் கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேனே! அவள் தெரிந்தேதான், எடுத்த காலை மறுபடி மிதியில் வைத்திருக்கிறாள்.

கீழே வேன் ஹாரன் அடித்தது. கொக்கிகளை ஒரே தடவை மாட்டினேன். இழுத்துப் பார்க்காமல், “அப்பா, சட்டையப் போட்டுட்டு வாங்க, கச்சேரிக்குப் போலாம்” என்றேன். எந்தச் சட்டையைப் போடட்டும் என்று கேட்டார்.